எந்த வார்டுங்க?

ஐந்து மாதம் கழித்து ஊர் திரும்பிய அன்று ராத்திரி, ஒரு வாய்ச் சோற்றுக்கு நாங்கள் அலைந்த கதையை எழுதச் சொல்லி மகள் இரண்டு வாரமாக நச்சரிக்கிறாள். போனில் சொன்னது அவளுக்குப் போதவில்லை. பேத்தி வளர்ந்ததும் படிக்க வேண்டுமாம். சரி, எழுதுகிறேன். அவள் அப்பா சொன்ன பொய்யும் இதில் வரும்.

மகள் இருப்பது மெல்போர்ன் நகரத்துக்கு மேற்கே, டார்னீட் என்ற பகுதியில். பிரசவம் பார்க்க ஜனவரிக் கடைசியில் போனோம், ஜூன் கடைசியில் திரும்பினோம். கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வீட்டை விட்டு இறங்கியபோது கும்மிருட்டு. அங்கே அப்போது குளிர்காலம். ஏழரை மணிக்குத்தான் விடியும். மெல்போர்னிலிருந்து சிங்கப்பூர் எட்டு மணி நேரம். அங்கே இரண்டரை மணி நேரம் காத்திருப்பு. பிறகு கோயமுத்தூர் நாலு மணி நேரத்துக்கு மேல். சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்ச் சுற்றாமல் நேராகக் கோயமுத்தூர் விமான நிலையம் இருக்கும் பீளமேட்டிலேயே வந்து இறங்கலாம் என்பதற்காக மகள் பார்த்துப் பார்த்துப் போட்ட டிக்கெட். ஆனாலும் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட இருபது மணி நேரம்.

எங்கள் வீட்டுக்காரருக்கு வானத்தில் சோறு இறங்காது. சைவச் சாப்பாடு என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தும், வந்த தட்டைத் திறந்து ராஜ்மாவையும் ஒரு குளிர்ந்த பன்னையும் பார்த்துவிட்டு மூடி வைத்தார். "இத வீட்டுல நாய்க்குப் போட்டாலும் மோந்து பாக்காது, அம்மிணி" என்றார். அவருக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை போட வேண்டும், போட்டால் சாப்பிட வேண்டும். கைப்பையில் இருந்த இரண்டு வாழைப்பழத்தையும் பிஸ்கட்டையும் வைத்துச் சிங்கப்பூர் வரை ஓட்டினேன். அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

நான் சாப்பிட்டேன், வயிறு உப்பியது. அதற்குக் காரணம் உண்டு. விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதைப் போலத்தான் வைத்திருப்பார்கள். ஊட்டி 7,350 அடி. அதாவது இருக்கையை விட்டு நகராமல் பன்னிரண்டு மணி நேரம் ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறோம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டும்போது பலூன் மாதிரி ஊதிக்கொள்ளும் அல்லவா, வயிற்றுக்குள் இருக்கும் காற்றுக்கும் அதே கதிதான். போதாததற்கு உள்ளே ஈரப்பதமே இருக்காது, நாக்கு வறண்டு போகும். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவள்தான், ஆனால் சயின்ஸ் டீச்சர் லீவு போட்ட நாட்களில் இதையெல்லாமும் எடுத்திருக்கிறேன்.

ஒன்பதே காலுக்கு இறங்கினோம். பெட்டி வந்து, சுங்கம் தாண்டி வெளியே வரப் பத்தாகிவிட்டது. கதவு திறந்ததும் ஆனி மாதக் காற்று முகத்தில் அடித்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, கூடவே பொடித் தூறல். எங்கள் வீட்டுக்காரர் பெட்டிகளை விட்டுவிட்டுக் கண்ணை மூடி நின்றுகொண்டார். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். "நகருங்க" என்றேன். "இரு புள்ள, அஞ்சு மாசம் ஆச்சு" என்றார்.

எங்கள் வீடு கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கம். விமான நிலையத்திலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு முன்னே பின்னே. ஐந்து மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு நள்ளிரவில் போய், மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி, தூசி தட்டிப் படுப்பதெல்லாம் ஆகாத காரியம் என்று மகள் அவினாசி சாலையிலேயே ஒரு ஓட்டலில் ரூம் போட்டுவிட்டாள். காலையில் கொழுந்தனார் கார் எடுத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. டாக்சியில் பத்து நிமிடம். மேம்பாலத்தில் ஏறாமல் கீழேயே போகச் சொன்னார் இவர். கடைகளைப் பார்க்க வேண்டுமாம்.

ரூம் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளை விரிப்பு, கால் பக்கம் ஒரு பட்டுத்துணிப் பட்டை (அது எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது), மேசை மேல் தோல் அட்டை போட்ட மெனு. பனீர் பட்டர் மசாலா, வெஜ் மஞ்சூரியன், ஹக்கா நூடுல்ஸ், பட்டர் நான், மூன்று வகை பிரியாணி. நான் கீழே போன் போட்டேன்.

"தம்பி, ரசம் கிடைக்குங்களா?"

"டொமேட்டோ சூப் இருக்குங்க மேடம்."

"தயிர் சாதம்?"

"அது மத்தியானம் மட்டுங்க. கிச்சன் பத்தரைக்கு மூடிருவாங்க மேடம், ஆர்டர் இப்பவே சொல்லிட்டா..."

மணி பத்து இருபத்தெட்டு. அந்தத் தம்பி மேல் குறையில்லை. நம் ஊர் ஓட்டல்களின் கணக்கே அதுதான். ரசம் மத்தியானச் சாப்பாட்டோடு முடிந்துபோகும். ராத்திரி என்றால் டிபன், இல்லையென்றால் வடக்கத்திச் சமாச்சாரம். ராத்திரியில் ரசம் கேட்பவன் காய்ச்சல்காரன் என்று அர்த்தம். இது பின்னால் உதவியது, சொல்கிறேன்.

போனில் ஆர்டர் போடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஐந்து மாதமாக ரீசார்ஜ் செய்யாத சிம் செத்துப் போயிருந்தது. மூன்று மாதம் ஒரு நம்பரில் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் முடக்கிவிடலாம் என்று விதி. நம்பர் இல்லையென்றால் ஓடிபி இல்லை. ஓடிபி இல்லையென்றால் ஜிபே இல்லை, ஸ்விக்கி இல்லை, ஒன்றும் இல்லை. தாய்நாட்டுக்கு வந்து இறங்கிய அரை மணியில் அகதி ஆகிவிட்டோம். இவருடைய உள்பையில் மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாள் இருந்தது. அதில் ஒன்றை டாக்சிக்குக் கொடுத்து, மீதி கொஞ்சம் சில்லறை வந்திருந்தது. வெளிநாடு போகிறவர்கள் குறைந்த ரீசார்ஜாவது போட்டுவிட்டுப் போங்கள். கூடவே நூறும் ஐம்பதுமாகக் கொஞ்சம் பணத்தை வீட்டில் வைக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

"என்னுங்க வேணும் உங்களுக்கு?" என்று இவரைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அரிசிம்பருப்பு" என்றார்.

கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஊரில் எல்லோரும் எங்கேயாவது போய்விட்டு, கல்யாணமோ கோயிலோ எழவோ, ராத்திரி ஒன்பது பத்து மணிக்கு வீடு வந்து சேருவோம். ஆம்பளைகள் திண்ணையில் சாய்ந்துவிடுவார்கள். குழந்தைகள் தூங்கி விழும். பொம்பளைக்கும் அலுப்புதான், ஆனால் அவள்தான் அடுப்படிக்குப் போக வேண்டும். அந்த நேரத்துக்கென்றே எங்கள் பாட்டிகள் கண்டுபிடித்த சோறு இது. குழம்பு தனி, பொரியல் தனி என்ற பேச்சே கிடையாது. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை. ஒரு பிடி சின்ன வெங்காயம், ஏழெட்டுப் பல் பூண்டு, ஒரு தக்காளி, மஞ்சள்தூள். கழுவிய அரிசியையும் பருப்பையும் கொட்டி நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடினால், கைகால் கழுவிப் புடவை மாற்றி வருவதற்குள் விசில் வந்துவிடும். மேலே ஒரு கரண்டி நெய், பக்கத்தில் தயிர், ஊறுகாய். அவ்வளவுதான். எங்கள் மாமியார் இதற்குத் தக்காளி போடமாட்டார். நான் போடுவேன். முப்பத்தைந்து வருட வழக்கு, தீர்ப்பு வராமலே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது கொங்குச் சமையல் என்று போர்டு போட்ட ஓட்டல்களில் இதுவும் கிடைக்கிறது. மண்சட்டியில், முந்திரிப் பருப்பு தூவி. நான் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். குற்றம் சொல்ல முடியாது, ஆனால் அது பசிக்குச் சாப்பிடுகிற அரிசிம்பருப்பு. அலுப்புக்குச் சாப்பிடுகிற அரிசிம்பருப்பு வேறு. இது இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. எப்படியும் பதினோரு மணிக்கு அந்த ஓட்டல்களும் இருக்காது.

இன்னொரு விஷயம், எங்களுக்குப் பசியே இல்லை. கோயமுத்தூரில் பத்தரை என்றால் மெல்போர்னில் விடியற்காலை மூன்று மணி. உடம்பு இன்னும் அங்கேதான் இருந்தது. மூன்று மணிக்கு எழுப்பிப் பட்டர் நான் சாப்பிடு என்றால் எந்த வயிறு கேட்கும்? பசி இல்லாமல், வெறும் வயிறும் ஆகாமல், மாத்திரைக்காக ஒரு ஆளைச் சாப்பிட வைக்க வேண்டும். பச்சைப் பிள்ளைக்குச் சோறூட்டுவது இதைவிடச் சுலபம்.

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினோம்.

பீளமேடு, ஹோப் காலேஜ் பக்கம் ராத்திரியில் கடைக்குப் பஞ்சமில்லை. காலேஜ் பையன்கள், ஹாஸ்டல்கள், கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ராத்திரி ஷிப்ட் முடித்து வருபவர்கள். முதலில் ஒரு பரோட்டாக் கடை. கொத்துச் சத்தம் அரை பர்லாங்குக்குக் கேட்டது. இவர் நின்றார். நான் நிற்கவில்லை. பிறகு ஒரு பிரியாணிக் கடை, அண்டாவின் அடி தெரிந்தது. பிறகு காளான் வண்டி.

காளான் எனக்குப் பிடிக்கும், மறைக்கவில்லை. கோயமுத்தூர் ரோட்டுக் காளானில் காளான் எத்தனை என்று எண்ணிப் பார்க்கக் கூடாது. பாதிக்கு மேல் முட்டைக்கோஸும் மாவும்தான். அதைப் பொரித்து, பெரிய தோசைக்கல்லில் சிவப்பாகக் குழம்பு கூட்டி, தட்டையான கரண்டியால் டகடகவென்று மசித்து, மேலே பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் தூவித் தருவார்கள். தூறல் விழும்போது அந்த வண்டி விளக்கடியில் நின்று சாப்பிட்டால் சொர்க்கம். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் ஊட்டியில் இருந்து இறங்கிய வயிற்றுக்கு அது நரகம். மூக்கால் சாப்பிட்டுவிட்டு நகர்ந்தேன்.

பேக்கரி ஒன்று திறந்திருந்தது. டீயும் தேங்காய் பன்னும் வாங்கி முடித்துக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை வந்தது. சர்க்கரைக்காரருக்குத் தேங்காய் பன்! யோசனையை அங்கேயே விட்டேன். இவர் அதற்குள் களைத்து ஒரு மூடிய கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

அப்போது எங்களைத் தாண்டி ஒரு பெண் போனாள். ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையில் தூக்குப்போசி (தூக்குச்சட்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்), கழுத்தில் கயிற்றில் தொங்கும் அட்டை. ஆஸ்பத்திரிப் பாஸ்.

எனக்குச் சட்டென்று 2011 ஞாபகம் வந்தது. மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து கோயமுத்தூரில் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பதினொரு ராத்திரியும் நான் சாப்பிட்டது ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிர்ச் சந்தில். இட்லி, கஞ்சி, ரசம், பால், சுடுதண்ணீர். எண்ணெய் தூக்கலாக ஒன்று கிடையாது, காரம் கிடையாது, ராத்திரி ஒரு மணிக்கும் அடுப்பு அணையாது. ஏனென்றால் வருகிறவர்கள் எல்லாம் நோயாளிக்கு வாங்க வருகிறவர்கள், அல்லது பசியே இல்லாமல் சாப்பிட்டாக வேண்டியவர்கள். எங்களுக்கு வேண்டியதும் அதேதானே! ஐந்து மாதம் ஊரில் இல்லாததில் புத்தி மழுங்கிவிட்டது.

"எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

"அவ்வளவு மோசமில்ல புள்ள" என்றார்.

அவினாசி சாலையில் ஆஸ்பத்திரிக்கு என்ன குறை? அந்தப் பெண் போன திசைக்கு எதிராக நடந்தோம், போசி நிறைந்திருந்ததால் அவள் கடையிலிருந்துதான் வருகிறாள் என்று கணக்கு. ஐந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி மதிலும், அதன் எதிரே ஒரு சந்தும், சந்துக்குள் தார்ப்பாய் கட்டிய கடையும் வந்தன. இரண்டு பெஞ்சு, ஒரு கேஸ் அடுப்பு, ஒரு விறகடுப்பு. விறகடுப்பில் இட்லிக் குண்டா. மேலே ஆவி. கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், காதோரம் பேனா செருகியிருந்தார். பக்கத்தில் ஒரு பையன் தண்ணீர் தெளித்துத் துணியிலிருந்து இட்லியை உரித்துக்கொண்டிருந்தான்.

"சந்தகை இருக்குங்களா?" என்று பேராசையோடு கேட்டேன்.

"பொழுதோடயே தீந்து போச்சுங்க. இட்லி சூடா இருக்குது, நொய்க் கஞ்சி இருக்குது, ரசம் இருக்குது."

ரசம்! இவர் தலை நிமிர்ந்தது.

சந்தகை இல்லாததில் எனக்கு வருத்தம்தான். இடியாப்பத்தில் மாவைப் பிழிந்து பிறகு வேக வைப்பார்கள். சந்தகையில் வேக வைத்ததைச் சூடு ஆறுமுன் பிழிய வேண்டும். கையில் வலு வேண்டும். அந்த அம்மா எத்தனை போசி பிழிந்திருப்பார், பொழுதோடு தீர்ந்ததில் அதிசயமில்லை.

ஆளுக்கு மூன்று இட்லி. தட்டில் வாழையிலைத் துண்டு. சட்னியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கினேன். அந்த நேரத்துத் தேங்காய்ச் சட்னியை நம்ப மாட்டேன். ஒரு சின்னக் கிண்ணத்தில் ரசம் வந்தது. கொள்ளு ரசம். வேக வைத்த கொள்ளுத் தண்ணீரை இறுத்து, மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு, மேலே கொத்தமல்லி. இவர் இட்லியை அதில் முக்கி முதல் வாய் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது கிண்ணம் கேட்டார். மூன்றாவதை டம்ளரில் வாங்கிக் குடித்தார். நான் மாத்திரையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

எதிர்ப் பெஞ்சில் ஒருவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்காரர். சட்டை கசங்கி, தாடி நாலு நாள் வளர்ந்திருந்தது. கழுத்தில் அட்டை.

"எந்த வார்டுங்க?" என்று கேட்டார்.

அங்கே அது "சாப்பிட்டீங்களா" என்பது மாதிரியான கேள்வி. எங்கள் கோலமும் அப்படித்தான் இருந்தது. வெளிறிய முகம், கசங்கிய துணி, ராத்திரி பதினோரு மணி. நாங்கள் ஏரோப்ளேனில் வந்தோம், வார்டெல்லாம் இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

இவர் முந்திக்கொண்டார். "பேத்தி பொறந்திருக்குதுங்க."

"அட! சுகப்பிரசவமுங்களா?"

"ஆப்பரேசனுங்க."

"ஆச்சு போங்க, ரெண்டு உசுரும் சுகமா இருந்தாச் செரி. எடை எத்தன?"

"மூணே கால் கிலோ."

"எப்பப் பொறந்துது?"

"வியாழக்கிழமைங்க."

"அப்ப மூணு நாளாச்சு" என்று அவரே எண்ணிக்கொண்டார்.

நான் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேத்தி பிறந்தது வியாழக்கிழமைதான். பிப்ரவரி மாத வியாழக்கிழமை. ஆப்பரேசன்தான். மூணே கால் கிலோதான். முப்பத்து நாலு வருடம் கணக்குப் பேப்பர் திருத்தியிருக்கிறேன். ஒவ்வொரு வரியும் சரியாக இருந்து விடை மட்டும் தப்பாக வரும் பேப்பரை அன்றுதான் என் வீட்டுக்காரரிடம் பார்த்தேன்.

"நல்ல சேதிங்க" என்றார் எதிரே இருந்தவர். "எங்கப்பன ஐசியூல வச்சிருக்குது. நாலு நாளாச்சு. இந்தப் பெஞ்சுல உக்காந்து ஒரு நல்ல சேதி கேக்கறது இப்பத்தான்."

அதற்குப் பிறகு உண்மையை எங்கே சொல்வது? இவர் அவருடைய அப்பாவைப் பற்றிக் கேட்டார். தாராபுரம் பக்கம், தென்னந்தோப்பு, மரத்திலிருந்து விழவில்லை, வரப்பில் நடக்கும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். தென்னைக்கு இந்த வருடம் வெள்ளை ஈ எப்படி, தண்ணீர் எத்தனை அடியில் என்று இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள். விமானத்தில் வாயே திறக்காத மனுஷன். அவர் எழுந்து பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் பிடித்துக்கொண்டு, "பேத்திக்கு நல்ல பேரா வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பேத்திக்குப் பேர் வைத்து நாலு மாதமாகிவிட்டது. இவர், "செரிங்க" என்றார்.

கணக்குக் கேட்டபோதுதான் அடுத்தது வந்தது. கடைக்கார அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ஏனுங்கம்மா, புள்ளைக்காரிக்கு என்ன கொண்டு போறீங்க?"

"அங்க... குடுத்திருப்பாங்க" என்றேன்.

"என்னத்தக் குடுப்பாங்க, ரொட்டியும் பாலும். பூண்டுக் கஞ்சி ஊத்தறேன், கொண்டு போங்க. வெந்தயம் போட்டிருக்குது. பால் ஊறும். போசி எங்க?"

போசி இல்லை என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போசி இல்லாமல் வந்த அம்மாக்காரி. ஒரு வார்த்தை சொல்லாமல் தன்னுடைய எவர்சில்வர் தூக்குப்போசியை எடுத்தார், கழுவினார், கஞ்சியை ஊற்றி மூடினார். "போசிக்கு நூறு ரூவா தனியா வச்சுட்டுப் போங்க. வெடியால கொண்டாந்து குடுத்துட்டு வாங்கிக்கலாம். ஆறரை வரைக்கும் இருப்பனுங்க."

இட்லி, ரசம், கஞ்சி, போசி எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். பாதிக்கு மேல் மீதி வந்தது.

ஓட்டல் வாசலில் செக்யூரிட்டி தூக்குப்போசியை ஒரு மாதிரி பார்த்தார். லிப்டில் வாசனை கமகமவென்று நின்றது. மேலே வந்ததும் இவர் அந்தப் பட்டுத்துணிப் பட்டை மேலேயே காலைப் போட்டுக்கொண்டு தூங்கிப்போனார். நான், "ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டது இருட்டில் போயிற்று.

மூன்று மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. அங்கே ஏழரை, பேத்தி எழுந்து உதைக்கும் நேரம். நாலு மாதமாக அந்த நேரத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் நிற்பேன். கையைத் தலையணைப் பக்கம் நீட்டி ஒரு நிமிடம் தேடியிருக்கிறேன். அப்புறம்தான் பசி தெரிந்தது. நியாயமான, காலை நேரத்துப் பசி. ராத்திரி பத்தரைக்கு வராதது வட்டியோடு வந்திருந்தது.

போசியைத் திறந்தேன். இன்னும் இளஞ்சூடு. நொய்யரிசி குழைந்து, பூண்டு முழுசு முழுசாக, தேங்காய்ப்பால் வாசம். டீ போட வைத்திருந்த கப்பில் ஊற்றி, ஜன்னல் திரையை விலக்கி வைத்துக்கொண்டு குடித்தேன். கீழே மேம்பாலத்தில் ஒரு காய்கறி லாரி போயிற்று. கொஞ்ச நேரத்தில் இவரும் எழுந்து வந்து, எதுவும் கேட்காமல் இன்னொரு கப்பை நீட்டினார். இரண்டு பேரும் புள்ளைக்காரியின் கஞ்சியை வழித்துக் குடித்து முடித்தோம். மகளுக்கு வீடியோ கால் போட்டோம், ஓட்டல் வைபையில். "என்ன குடிக்கறீங்க?" என்றாள். "உன்னோட கஞ்சி" என்றார் இவர். அவளுக்குப் புரியவில்லை.

போசியைக் குளியலறையில் ஓட்டல் சோப்பு போட்டுத் தேய்த்தேன். ஆறு மணிக்கு நான் மட்டும் போனேன். இவர் வரமாட்டேன் என்றுவிட்டார், வெட்கம். தூறல் நின்றிருந்தது. கடையில் அடுப்பைச் சாம்பலால் மூடிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப் பெஞ்சு காலி.

"குடிச்சுதுங்களா புள்ள?" என்றார் அந்த அம்மா.

"ஒரு சொட்டு விடலீங்க."

முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா! இன்னைக்கும் ஒரு போசி கொண்டு போங்க. அடியில கொஞ்சம் இருக்குது, காசு வேண்டாம்." என் கையிலிருந்த போசியை வாங்கி, நான் யோசிப்பதற்குள் ஊற்றிவிட்டார்.

அவர் நூறு ரூபாயை எடுக்கப் போனார். போசி என்னிடமே இருப்பதால் அது அங்கேயே இருக்கட்டும் என்றேன். காசு வேண்டாம் என்ற கஞ்சிக்குத் தனியாக ஐம்பது ரூபாயைப் பையன் சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தேன். எட்டு மணிக்குக் கொழுந்தனார் வந்தார். பூட்டிக் கிடந்த வீட்டில் பாலும் இல்லை, அரிசியும் வண்டு. அன்று காலை மூன்று பேரும் குடித்தது அந்தக் கஞ்சிதான். மத்தியானம் முதல் வேலையாக அரிசிம்பருப்பு வைத்தேன், தக்காளி போட்டு.

போசி இப்போது என் அடுப்படியில் இருக்கிறது. அடுத்த மாதம் இவருக்குக் கண் காட்டக் கோயமுத்தூர் போக வேண்டும், அப்போது கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். இந்தத் தடவை தானும் கடைக்கு வருவதாக இவர் சொல்கிறார். தாராபுரத்துக்காரரின் அப்பா எப்படி இருக்கிறார் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், கேட்க வேண்டுமாம். பேத்திக்கு இப்போது எத்தனை நாள் என்று அவர் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று நான் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.